தென்னையோடு விழுந்த கிளிக்குஞ்சு: தாயிடம் சேர்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். நேற்று முன்தினம் அடித்த காற்றில் எங்கள் தோட்டத்து மொட்டைத் தென்னை சாய்ந்துவிட்டது. அதன் பொந்தில் மூன்று பச்சைக்கிளிக் குஞ்சுகள். இரண்டு அங்கேயே இறந்துவிட்டன. ஒன்று மட்டும் துணி விரித்த அட்டைப்பெட்டியில் இருக்கிறது. வாலிலும் இறக்கையிலும் பச்சைக் குருத்து விட்டிருக்கிறது, நான்கு வாரம் இருக்கலாம்.

அம்மா பாலில் நனைத்த ரொட்டி கொடுக்கப் போனார். நல்லவேளை, தடுத்துவிட்டேன், பறவைகளுக்குப் பால் செரிக்காது. வேகவைத்த கொண்டைக்கடலையைத் தண்ணீர் விட்டு மைய அரைத்து, வெதுவெதுப்பாகச் சின்னக் கரண்டியில் ஊட்டுகிறேன். தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொள்கிறது. தொண்டைப் பை காலியான பிறகுதான் அடுத்த வேளை.

பக்கத்து வீட்டில் கூண்டு வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. லவ் பேர்ட்ஸ் போல கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததல்ல இது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்ப்பதும் குற்றம். நாளை காலை வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிடப் போகிறேன்.

ஆனால் தாய்க்கிளியும் தந்தைக்கிளியும் இன்னும் பக்கத்து வேப்பமரத்தில் வந்து கத்திக்கொண்டே இருக்கின்றன. கேட்கவே முடியவில்லை. அந்த மரத்தில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக் குஞ்சை உள்ளே வைத்தால் வந்து இரை கொடுக்குமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? பெட்டி எவ்வளவு ஆழம், வாய் எவ்வளவு அகலம்? அப்புறம், இடது காலைச் சரியாக ஊன்றவில்லை. தேனிப் பக்கம் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யாரையாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.