கொன்றவன் யாரென்று முதலிலேயே தெரிந்தும் படம் இழுக்கிறதே, ஏன்?

காரைக்குடி ஏஜென்ட்:
நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள் மேல் கொஞ்ச நாளாகப் பித்து. 1944-இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இண்டெம்னிட்டி'யைப் போன வாரம் பார்த்தேன். நாயகனும் என் தொழில்காரன் என்பதால்தான் உட்கார்ந்தேன். தொடங்கிய சில நிமிடத்திலேயே அவன் குண்டுக் காயத்தோடு ராத்திரி ஆபீசுக்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறான். பணத்துக்காகவும் ஒருத்திக்காகவும் கொன்றானாம், ரெண்டும் கிடைக்கவில்லையாம். அதோடு என் வீட்டம்மா எழுந்துவிட்டாள். "கொன்னவன் யாருன்னு சொல்லியாச்சு, இன்னும் ஒன்றரை மணி நேரம் என்னத்தப் பாக்கிறது?"

எனக்கோ எழுந்திருக்க மனசில்லை. கார் பாலிசி என்று சொல்லி, நகலிலும் ஒரு கையெழுத்து என்று நீட்டி, அந்தப் பெண்ணின் கணவனிடம் விபத்துப் பாலிசிக்குக் கையெழுத்து வாங்குகிறான் பாருங்கள், வயிற்றைக் கலக்கியது. நானும் தினம் 'இங்கே ஒண்ணு, அடுத்த பக்கம் ஒண்ணு' என்று விரல் வைத்துக் காட்டுகிறவன். எவரும் வாசித்துப் பார்த்ததில்லை. ரயில் விபத்தில் செத்தால் இரட்டைத் தொகை: ஐம்பதாயிரம் டாலர் ஒரு லட்சமாகும். அப்புறம் கிளெய்ம் பார்க்கிற அந்த கீஸ்! கால் முறிந்து கட்டுப் போட்ட அந்தக் கணவன், விபத்துப் பாலிசி இருந்தும் ஏன் கிளெய்ம் கேட்கவில்லை என்று பிடிக்கிறாரே. அந்த இடத்துக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன்.

என் கேள்வி இதுதான். பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு வந்தால் கார் கிளம்பவில்லை. நான் 'கிளம்பு, கிளம்பு' என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், கொலைகாரனுக்காக! இது எனக்கு மட்டும்தானா? அடுத்து எதைப் பார்க்கலாம்?

கதவுக்கடை:
உங்களுக்கு மட்டுமில்லை தம்பி. கதையை நாம் போலீஸ்காரர் வாயால் கேட்கவில்லை, அவன் வாயால் கேட்கிறோம். தன் தப்பைத் தானே சொல்லிக்கொண்டு போகிறவன் பக்கத்தில்தான் மனசு போய் உட்காரும். யார் என்பதை முதலிலேயே முடித்துவிட்டதால், எந்த இடத்தில் மாட்டுவான் என்பது மட்டும்தான் மிச்சம்.

நான் பழைய வீட்டு நிலை, கதவு வாங்கி விற்கிறவன். எனக்கு இடித்தது வேறு. அவன் வீட்டிலிருந்து கீஸ் கிளம்பும்போது அந்தப் பெண் நடையில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். அதாவது கதவு வெளிப்பக்கம் திறக்கிறது! அடுக்குமாடி வீட்டில் அப்படிப் போடமாட்டார்கள், உள்ளேதான் திறக்கும். வைல்டருக்கு அவளை ஒளிக்க இடம் வேண்டியிருந்தது, கதவைத் திருப்பிவிட்டார். முதல் தடவை பார்க்கும்போது என் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் கேமரா:
வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அந்தப் பெண்ணின் வீட்டுக் கூடத்தில் அலுமினியத் தூளைக் காற்றில் பறக்கவிட்டார். ஜன்னல் பட்டை வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டுக் கோடு கோடாய்த் தெரியும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த நம்ம ஊர் வீட்டில், படைப்புக்கு வந்தவர்கள் முதல் ஜன்னலைத் திறந்ததும் தூசி மிதக்குமே, அதேதான். அந்தக் கோடுகள் மனுஷன் மேலே விழும்போது ஜெயில் கம்பி ஞாபகம் வரும். நான் கல்யாணப் படம் எடுக்கிறவன். மாப்பிள்ளை முகத்தில் இப்படிப் பாதி இருட்டை விட்டால் கூலி கிடைக்காது.

அடுத்து 'தி தேர்ட் மேன்' பாருங்கள், 1949. யுத்தம் முடிந்த வியன்னா, ஈரத் தெரு, இசை முழுக்க ஜிதர் என்ற ஒரே ஒரு தந்திக் கருவி.

தேவகோட்டை ஆச்சி:
வியன்னாவுக்குப் போறதுக்கு முன்னாடி 'அந்த நாள்' பாருங்க தம்பி. 1954. நம்ம காரைக்குடி ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் எடுத்தது. ஸ்டூடியோ தேவகோட்டை ரஸ்தாவை விட்டுச் சென்னைக்குப் போன பிறகு வந்த படம். இயக்கம் வீணை எஸ். பாலசந்தர். சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டு விழுவார். 1943-இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரத்துக் கதை. பாட்டு ஒண்ணுகூடக் கிடையாது. எங்க ஐயா கடைசிவரைக்கும் 'பாட்டு எப்ப வரும்'னு கேட்டுக்கிட்டே இருந்தாகளாம்.

இதில் கொன்றது யாருன்னு கடைசியில்தான் தெரியும். உங்க வீட்டம்மாவை இதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க.

கானாடுகாத்தான் கேமரா:
ஆச்சி, அது 'ராஷோமோன்' என்ற ஜப்பானியப் படத்தின் வழியில் வந்தது. இந்த நுவார், அதாவது இருட்டும் நிழலுமான குற்றப் பட வரிசையில் எப்படிச் சேர்க்கிறீர்கள்?

தேவகோட்டை ஆச்சி:
செத்தவனைப் பத்தி ஆளுக்கொரு விதமாச் சொல்றது அங்கிருந்து வந்தது, சரி. அந்த இருட்டு? மாருதி ராவ் பிடிச்ச நிழலைப் பாத்துட்டு வந்து பேசுங்க. கேமராக்காரர்னு வேற பேர் வச்சிருக்கீங்க.

காரைக்குடி ஏஜென்ட்:
சரி ஆச்சி, ஞாயிற்றுக்கிழமை 'அந்த நாள்'தான், வீட்டம்மாவும் ஒத்துக்கொண்டாள். கொன்றது யாரென்று மட்டும் யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள். இவள் என் போனை எடுத்துப் படிக்கிறாள்.