புதுப்பிப்பு: மாடி வகுப்பும் சக்கர நாற்காலியும்

மூளை முடக்குவாதம் உள்ள என் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு என்ன செய்யலாம் என்று ஜூனில் கேட்டிருந்தேன். வகுப்பு மாடியில்; எழுதினால் கை சீக்கிரம் இறுகிவிடும்.

வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றியாகிவிட்டது. தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டினேன்; தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் இரண்டும் அதிலேயே இருக்கின்றன.

மேசைதான் பெரிய வேலை. நாற்காலியின் கைப்பிடி அதன் அடியில் நுழையவில்லை. தச்சர் கட்டை கொடுத்து உயர்த்தினார். முழங்கையை நன்றாக ஊன்ற முடிவதால் இப்போது எழுத்து நிதானமாக வருகிறது. வேறொருவர் எழுதுவதில் அவளுக்கு விருப்பமில்லை, "நானே எழுதுறேன் மிஸ்" என்கிறாள். சரி, இப்போதைக்குக் கூடுதல் நேரம் மட்டும்.

கழிப்பறைச் சாய்தளம்தான் பாக்கி. செங்குத்தாகப் போட வந்தார்கள், நிறுத்திவிட்டேன். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும்.