பெரியம்மா நிலத்துக்குக் கீழே

குழு: விசுவமடு வீட்டார்
இரவு 9.42

சுகந்தி (டொரன்டோ): அம்மா யாருக்காவது கோல் எடுத்தவவா? யூனியன் ஸ்டேசனுக்குக் கீழே கோப்பிக்கடை வாசலில் இருங்கோ, அரை மணித்தியாலத்தில் வாறேன் என்று சொல்லிவிட்டு மேலே கந்தோருக்குப் போனேன். வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை.

சின்னம்மா: முருகா

ரவி மாமா: கடை பார்க்கப் போயிருப்பா. கிளிநொச்சிச் சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு மூன்று தரம் சுற்றுகிற ஆள்

பெரியம்மா: நான் இங்கைதான்

சுகந்தி: இங்கை என்றால் எங்கையம்மா

பெரியம்மா: நிலத்துக்குக் கீழே. திரும்பினால் திரும்பவும் சப்பாத்துக்கடை

பெரியப்பா: சாப்பிட்டவவா?

கபிலன்: பெரியம்மா பயப்பட வேண்டாம், அது பாத் என்கிற நிலத்தடி நடைபாதை. கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர், 70க்கு மேற்பட்ட கட்டடங்களை இணைக்கிறது, 1200 கடைகளளவில் இருக்கு. ஒரே ஆள் வரைந்த திட்டமில்லை, ஒவ்வொரு துண்டும் அந்தந்தக் கட்டடக்காரருக்குச் சொந்தம், அதனால்தான் தரையும் வெளிச்சமும் பலகையும் இடத்துக்கிடம் மாறும், ஊர்க்காரர்களே வழி தவறுவார்கள். பழைய பலகைகளில் பாத் என்ற நாலு இங்கிலீஸ் எழுத்துக்கும் நாலு நிறம்: பி சிவப்பு தெற்கு, ஏ செம்மஞ்சள் மேற்கு, டி நீலம் வடக்கு, எச் மஞ்சள் கிழக்கு. யூனியன் தெற்குப் பக்கம், அப்படியான பலகை கண்டால் சிவப்பைப் பிடித்து நடவுங்கோ.

ரவி மாமா: கண்ணாடி கொண்டு போனவவா என்று முதலில் கேள்

பெரியம்மா: கண்ணாடி சுகந்தியின்ரை பைக்குள்

சின்னம்மா: 🤦‍♀️

சித்தப்பா: வன்னியில் பங்கருக்குள் இருந்த மனிசிக்கு இது என்ன பெரிய விசயமோ

பெரியப்பா: பங்கர் கதை வேண்டாம்

சித்தப்பா: ஏன் வேண்டாம்? மேட்டில் வெட்டுங்கோ என்று நான் சொன்னனான், நீங்கள் கிணற்றடியில் வெட்டினீங்கள். மாரிக்கு முழங்கால் அளவு தண்ணீர். மேலே போட்ட பனங்குற்றியும் என்ரை காணிப் பனை

பெரியப்பா: இரண்டு பனை

சித்தப்பா: நாலு

கபிலன்: சித்தப்பா சொல்லுகிற தண்ணீர்ப் பிரச்சினைதான் என்ரை கடைசி வருடக் கட்டட டிசைனிலும். கொழும்பு கோட்டை ஸ்டேசனிலிருந்து புறக்கோட்டை வரை நிலத்துக்குக் கீழே கடைத்தொகுதி என்று மொறட்டுவை கம்பஸில் போன கிழமை காட்டினேன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் பேரை வாவி. நிலத்தடித் தண்ணீர் மேலே நின்றால் உள்ளே வெறுமையாக இருக்கிற கொங்கிறீற் பெட்டி தோணி மாதிரி மிதக்கப் பார்க்கும், அதைப் பாரம் வைத்தோ பைல் என்கிற ஆழத் தூண் இறக்கியோ பிடித்து வைக்க வேணும். நான் அதைக் கணக்குப் போடாமல் கண்ணாடிக் கூரை கீறிக்கொண்டிருந்தேன். சேர் ஒரே கேள்விதான் கேட்டார், மழை பெய்தால் உன் படிக்கட்டு வாய்க்காலா என்று.

சித்தப்பா: நல்ல சேர்

ரவி மாமா: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வான் பேசினதா? இப்ப சொல்லாவிட்டால் கிடைக்காது

சின்னம்மா: அக்கா வந்த பிறகு பேசுவோம்

ரவி மாமா: அக்கா சப்பாத்துக்கடையில் நிற்கிறா

கபிலன்: ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஜப்பானில் இப்படிப்பட்ட கடைத்தெருவுக்குச் சட்டம் இருக்கு, நடைபாதை 5 மீற்றர் அகலம், கூரை 3 மீற்றர் உயரம், நீளமான பாதை என்றால் எந்தக் கடை வாசலிலிருந்தும் 30 மீற்றர் நடைக்குள் மேலே போகிற படி. 1980இல் சிசுவோக்காவில் காஸ் வெடித்து 15 பேர் செத்த பிறகு இன்னும் இறுக்கினவை. அதாவது கீழே கட்டுகிறவன் கடையைக் கீற முதல் படியைக் கீற வேணும். பெரியம்மாவுக்கு இப்ப வேண்டியதும் படிதான். வழி தேடாமல் முதல் காண்கிற படியில் ஏறுங்கோ, வானம் தெரிந்தால் திசை தெரியும்.

சித்தப்பா: எங்கடை பங்கருக்கும் இரண்டு வாசல் இருந்தது. ஒன்று மண் சரிந்து மூடினால் மற்றது. இதுக்கு ஜப்பான் வேணுமோ

பெரியப்பா: இரண்டாவது வாசல் நான் வெட்டினது

சுகந்தி: எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருங்கோ!! அம்மா எங்கே?

பெரியம்மா: மேலே வந்திட்டன். கூட்டித் துடைக்கிற பிள்ளை ஒன்று, தமிழ்தான், படியடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. அதின்ரை அம்மா புதுக்குடியிருப்பாம். கை நல்லாக் குளிருது

சுகந்தி: எந்த ரோட்டு?

பெரியம்மா: பெரிய ரோட்டு. ட்ராம் போகுது

சுகந்தி: போனை அந்தப் பிள்ளையிடம் குடுங்கோ. அசைய வேண்டாம், வாறேன்

பெரியப்பா: கையுறை போட்டவவா?

ரவி மாமா: வான் 14 ஆளுக்கா 20 ஆளுக்கா

சின்னம்மா: பதினாலு போதும். அண்ணையும் சித்தப்பாவும் ஒரே வானில் வருவினமோ தெரியேல்லை

சித்தப்பா: பனைக் கணக்கு முடிந்தால் வாறேன்

பெரியப்பா: மூன்று