நெடுந்தீவில ஆரம்பப் பிரிவு நியமனம் கிடைச்சிருக்கு, ஒரு வருசம் எப்பிடிப் போகும்?

பாலைமரம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நெடுந்தீவில ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் வந்திருக்கு, ஆரம்பப் பிரிவு. ஊர் வவுனியா, குளத்தோட வளந்த ஆள், கடலில போட்டில போய்ப் பழக்கமே இல்ல. விசாரிச்ச இடத்தில பாதிப்பேர் "தண்ணி இல்லாத தீவு, கெதியா மாத்தம் எடுக்கிற வழியப் பார்" எண்டினம், மிச்சப்பேர் "அங்க காட்டில திரியிற குதிரையப் படம் எடுத்து அனுப்பு" எண்டினம். எனக்கு ரெண்டும் உதவாது. ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் அங்க பள்ளிக்கூடம் உண்மையில எப்பிடி நடக்கும் எண்டுதான் தெரிய வேணும். கடல் எந்த மாதம் மோசம்? யாழ்ப்பாணத்தில ரூம் எடுத்துக்கொண்டு நாளாந்தம் போய் வரலாமா, இல்லாட்டி அங்கயே தங்கவேணுமா? பிள்ளையள் குறைவு, ரெண்டு வகுப்பை ஒண்டா வைச்சுத்தான் படிப்பிக்க வேண்டி வரும் எண்டு அதிபர் போனில சொன்னவர், அது எனக்குப் புதுசு. அங்க படிப்பிச்சவை, அங்கத்த ஆக்கள் ஆராவது இருந்தால் சொல்லுங்கோ.

மாவிலித்துறை:

தங்கச்சி, நான் அங்க கன வருசம் படிப்பிச்சனான், இப்ப வலிகாமத்தில இருக்கிறன். முதல் விசயம், தங்குங்கோ. மற்றதெல்லாம் பிறகு.

ஏன் சொல்லுறன் எண்டால் கணக்கப் பாருங்கோ. பள்ளிக்கூடம் காலமை ஏழரைக்குத் தொடங்கி ஒண்டரைக்கு விடுது. யாழ்ப்பாணத்தில இருந்து போட் எடுக்கிற குறிகட்டுவான் துறைக்கு 776 பஸ்ஸில பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல, அங்க இருந்து போட் இன்னொரு மணித்தியாலம், மாவிலித்துறையில இறங்கி வட்டாரத்துக்குப் போக இன்னும் நேரம். நீங்கள் எவ்வளவு வெள்ளண வெளிக்கிட்டாலும் முதல் பாடம் போயிடும், பின்னேரம் போட்டுக்காகக் கடைசிப் பாடமும் போகும். பெரிய பள்ளிக்கூடத்தில ஒராள் பிந்தினால் பக்கத்து வகுப்பு ரீச்சர் பாப்பா. மூண்டு நாலு பேர் படிப்பிக்கிற இடத்தில ஒராள் பிந்தினால் ரெண்டு வகுப்பு சும்மா இருக்கும்.

இனி வருசம். ஜனவரியில ஒண்டாம் ஆண்டுக்குக் கால்கோள் விழா. நாலைஞ்சு பிள்ளையள் வந்தாலும் மாலை போட்டு, நிறைகுடம் வைச்சு, வட்டாரமே வந்து நிக்கும், அதைச் சின்னனா நினைக்காதேங்கோ, அந்த எண்ணிக்கையப் பாத்துத்தான் "பள்ளிக்கூடம் இருக்கும்" எண்டு சனம் மூச்சு விடும். அந்த மாதம் வாடைக்காத்து அடங்கேல்ல, போட் ஆட்டும். மாசி பங்குனி கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அதுதான் வேலை செய்யிற காலம், எழுத்து வாசிப்பு எல்லாத்தையும் அப்ப இறுக்கிப் பிடியுங்கோ. விளையாட்டுப் போட்டியும் அப்பதான், இல்லம் பிரிக்கப் பிள்ளையள் காணாது, அம்மாமார், பழைய மாணவர் எல்லாரும் ஓடுவினம். கச்சதீவுப் பெருநாளும் அந்த நேரம் வரும், குறிகட்டுவானில நிக்க இடமிராது, அந்த ரெண்டு நாளும் பயணம் வைக்காதேங்கோ.

சித்திரை லீவு முடிஞ்சு வந்தால் மே. மே 15 குமுதினிப் படகுப் படுகொலை நினைவு நாள், 1985ல நடந்தது, இறங்குதுறையடியில நினைவுகூருவினம். உங்கட வகுப்புப் பிள்ளையளில சிலபேரின்ர அம்மம்மா, அப்பப்பா வழியில ஆராவது அதில போயிருப்பினம், அண்டைக்குப் பிள்ளை பேசாமல் இருந்தால் விட்டிடுங்கோ. பிறகு சோளகம், தென்மேல் காத்து. ஜூனில இருந்து ஓகஸ்ட், செப்டெம்பர் வரை காத்து நிக்காது, புதுசா வாற ஆக்கள் எல்லாரும் மழைக்காலம்தான் மோசம் எண்டு நினைப்பினம், சோளகத்தில வெயில் எறிக்க எறிக்கவே கடல் அடிக்கும். அதோட வரட்சி, கிணறு உவர்க்கும், மாடும் குதிரையும் தண்ணிக்கு அலையும், தண்ணி அள்ளப் போற வீட்டுப் பிள்ளை பிந்தித்தான் வரும். பிந்தி வந்ததுக்கு ஏசாதேங்கோ.

புரட்டாதி ஐப்பசியில வாணி விழா, கார்த்திகையில மழையும் தாழமுக்கமும். 2024 நவம்பர் கடைசியில உயர்தரப் பரீட்சையையே நாடு முழுக்க இடையில நிப்பாட்டி டிசம்பர் 4 தான் திரும்பத் தொடங்கினவை, அப்ப தீவில எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசியுங்கோ. போட் ஓடாத நாளில தங்கி நிக்கிற ரீச்சர் ஒராள் இருந்தால் பள்ளிக்கூடம் இருக்கு, இல்லாட்டி இல்ல. பிள்ளையள் மழைக்க நடந்து வந்திடுங்கள், அதுகளுக்குக் கடல் தாண்டத் தேவையில்லையே.

ஆறாம்பாடம்:

மாவிலித்துறை அண்ணை சொல்லுறது சரிதான், ஆனா போய்வாற ஆக்களின்ர பக்கத்தையும் கொஞ்சம் சொல்லவேணும். நான் இப்பவும் ஒரு தீவுக்குப் போய் வாறன் (நெடுந்தீவு இல்ல, கிட்டத்த தீவு). வீட்டில சின்னப் பிள்ளை, படுக்கையில மாமி. நாலரைக்கு எழும்பிச் சமைச்சு வைச்சிட்டு வெளிக்கிடுறன். விடுதியில ஒரு அறைக்குள்ள மூண்டு பேர், குடும்பத்தோட இருக்க ஏலாது, இரவில வருத்தம் துன்பம் எண்டால் கடல் தாண்டித்தான் பெரிய ஆசுப்பத்திரி. தங்கச்சொல்லுறது லேசு, தங்கிற மாதிரி இடம் கட்டித் தரவேணும். கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு பஸ்ஸுக்கும் போட்டுக்கும் சாப்பாட்டுக்குமே காணாது. ரீச்சர்மார் ஓடித்திரியினம் எண்டு எங்கள மட்டும் குறை சொல்லிச் சொல்லி விசயம் அப்பிடியே கிடக்கு.

பாலைமரம் நீங்கள் தனி ஆள் எண்டால் தங்கிப் பாருங்கோ. போய் வாறதெண்டு முடிவெடுத்தால் ஒண்டு செய்யுங்கோ, நீங்கள் வரப் பிந்திற நேரத்துக்குப் பிள்ளையள் தாங்களாச் செய்யிற வேலையை முதல் நாளே கரும்பலகையில எழுதி வைச்சிட்டு வாங்கோ. மூண்டாம் நாலாம் ஆண்டுப் பிள்ளையள் அதுக்குப் பழகிடுங்கள், ஒண்டு ரெண்டுக்கு அது சரிவராது.

கல்வேலி:

வணக்கம் ரீச்சர். நான் நெடுந்தீவுதான், ரெண்டு பிள்ளையள், ஒண்டு மூண்டாம் ஆண்டு மற்றது ஐஞ்சு. நீங்கள் வரமுதலே இப்பிடிக் கேட்டு எழுதினதே எனக்குப் பெரிய சந்தோசம்.

எங்கட பக்கத்தால ஒரு விசயம் சொல்லோணும். மூத்தவள் ஒண்டாம் ஆண்டில இருந்து இப்ப வரைக்கும் எத்தின ரீச்சர்மாரைக் கண்டிட்டாள் எண்டு எண்ண ஏலாது. ஒராள் வந்து பேர் பழகி, ஆர் கெட்டிக்காரி ஆர் கூச்சப்படுற பிள்ளை எண்டு பிடிபடுற நேரம் மாத்தம் வந்திடும். புது ரீச்சர் வந்து திரும்ப "உன்ர பேர் என்ன" எண்டு தொடங்குவா. நல்ல ரீச்சர்மாரைப் பிள்ளையள் இறங்குதுறை வரைக்கும் போய் அழுது வழியனுப்பினதுகள். படிப்பு பிந்தினது ஒரு பக்கம், இனி வாற ரீச்சரோட ஒட்டக்கூடாது எண்டு என்ர பிள்ளை நினைக்குது பாருங்கோ, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

2022ல எரிபொருள் இல்லாத நேரம் ஞாபகம் இருக்குமே. கிராமப் பக்கப் பள்ளிக்கூடங்கள் போக்குவரத்துப் பிரச்சினை இல்லாட்டி நடத்தலாம் எண்டு அறிவிச்சவை. எங்கட பிள்ளையளுக்கு ஒரு போக்குவரத்தும் தேவையில்ல, வீட்டில இருந்து பாத்தால் பள்ளிக்கூடக் கூரை தெரியும். படிப்பிக்கிறவை அக்கரையில நிண்டவை. எங்கட தீவில படிச்சு வந்த ஒரு ரீச்சர்தான் கொஞ்சப் பிள்ளையளை வைச்சுச் சமாளிச்சவா. எங்கட ஊர்ப் பிள்ளையளே படிச்சு ரீச்சரா வரவேணும், அதுக்கு நீங்கள் வந்து நிண்டு நாலு பேரை உருவாக்கி விட்டாலே போதும்.

ஐஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை பற்றியும் சொல்லிப்போட்டுப் போறன். 2024ல செப்டெம்பர் 15 நடந்தது, 2025ல ஓகஸ்ட் 10, எப்பிடிப் பாத்தாலும் சோளகம் அடிக்கிற மாதங்களிலதான் படிப்பும் இறுக்கம், வந்து போற ரீச்சர்மாருக்குக் கடலும் இறுக்கம். ரவுணில பிள்ளையள் ரியூசனுக்கு மேல ரியூசன், இங்க ரீச்சர்தான் எல்லாம். பாஸ் பண்ணின பிள்ளையை யாழ்ப்பாணத்தில விடுதியில சேர்த்து விடுவினம், பத்து வயசில பிள்ளை கடல் தாண்டிப் போயிடும். நான் அனுப்பமாட்டன் எண்டு சொல்ல எனக்குத் துணிவில்ல, அனுப்பினால் இங்க ஆறாம் ஆண்டு வகுப்பில ஆர் மிச்சம்?

ஒன்ராரியோத் தீவான்:

புங்குடுதீவு ஆள், இப்ப கனடா. எங்களுக்குப் பாலம் இருக்கு, தார் ரோட்டு இருக்கு, பஸ் இருக்கு. அப்பிடி இருந்தும் 1990, 91 இடம்பெயர்வோட சனம் போய், திரும்பி வந்தது கொஞ்சம், பிள்ளையள் இல்லாமல் எத்தினை பள்ளிக்கூடம் வாடிப்போச்சு. அதால பாலம் போட்டால் எல்லாம் சரியாகும் எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ, சனம் இருக்கவேணும்.

இங்க பழைய மாணவர் சங்கங்கள் வருசா வருசம் காசு சேர்த்து அனுப்புது, நல்ல மனம்தான். கொம்பியூட்டர், பெரிய திரை, ஒரு வளைவு. நான் கூட்டத்தில எப்பவும் சொல்லுறது, ரீச்சர்மார் தங்கிற விடுதிக்கு நல்ல கக்கூசும் தண்ணித் தாங்கியும் கட்டிக் குடுங்கோ எண்டு. ரிப்பன் வெட்டிப் படம் எடுக்க ஏலாத வேலை எண்டபடியால ஒருத்தரும் எடுபடுறேல்ல. பாலைமரம் தங்கச்சி, அங்க போய்ப் பாத்திட்டு என்ன தேவை எண்டு ஒரு சின்னப் பட்டியல் இங்க போட்டால் நான் எங்கட ஆக்களோட கதைக்கிறன்.

பாலைமரம்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கல்வேலி அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான், அவ ஒண்டும் சொல்லேல்ல, பிறகு தானாவே "எத்தினை சீலை கொண்டுபோறாய்" எண்டு கேட்டவா. தங்கிறதெண்டு முடிவெடுத்திட்டன். இன்னும் ரெண்டு கேள்வி. குடிதண்ணி எப்பிடி? மற்றது ரெண்டு வகுப்பை ஒண்டா வைச்சுப் படிப்பிக்கிறது, ஆசிரியர் கலாசாலையில ஒரு வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதத்தான் பழக்கினவை.

கல்வேலி:

குடிக்கச் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி நல்லம், உவர் அகற்றின தண்ணியும் எடுக்கலாம். குளிக்கிறது உவர்த்தண்ணிதான், தலைமயிர் முதல் கொஞ்ச நாள் சிக்குப்பிடிக்கும் பிறகு பழகிடும். ரெண்டு பெரிய கான் கொண்டு வாங்கோ. சோளகம் தொடங்கமுதல் அரிசி பருப்பு மா எல்லாம் கூட வாங்கி வையுங்கோ, போட் ஓடாட்டிக் கடையில சாமான் முடிஞ்சிடும். கரண்ட் இருக்கு, இடைக்கிடை போகும், ரோச் ஒண்டு வேணும். மீனுக்கும் நண்டுக்கும் குறைவிராது, ஒடியல் கூழ் வீட்ட வீட்ட கிடைக்கும், நீங்கள் சமைக்கிற நாள் குறைவாத்தான் இருக்கும் ரீச்சர்.

மாவிலித்துறை:

ரெண்டு வகுப்புக்கு, எங்கட ஆரம்பப் பிரிவே மூண்டு முதன்மை நிலை எண்டு, ஒண்டும் ரெண்டும், மூண்டும் நாலும், ஐஞ்சு தனிய எண்டுதானே பிரிச்சிருக்கு. அந்தச் சோடியை உடைக்காதேங்கோ, ரெண்டையும் மூண்டையும் சேர்த்தால் கஷ்டப்படுவீங்கள். சுற்றாடல் பாடத்தை ரெண்டு வகுப்புக்கும் ஒண்டாவே வைக்கலாம், கணிதத்தைக் கட்டாயம் பிரியுங்கோ. முதல் சின்ன வகுப்புக்குப் பாடம் தொடங்கி வைக்கிற நேரம் பெரிய வகுப்பு நேற்றையான் வேலையைத் திருத்தட்டும், பிறகு மாறுங்கோ. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுறதுக்கு நாளுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கோ, ரெண்டு பேருக்கும் வாசிப்பு ஏறும், இதை நான் கண்ணால கண்டனான்.

அளவைப் பாடத்துக்கு அங்க நிக்கிற பெருக்கு மரத்தடிக்குக் (பாவோபாப் எண்டுற பெருத்த மரம்) கூட்டிக்கொண்டு போங்கோ, கயிறு சுத்தி அளக்க விடுங்கோ, பொந்துக்குள்ள எத்தினை பேர் நிக்கலாம் எண்டு எண்ண விடுங்கோ. கல்வேலியில முருகைக்கல்லு எண்ணி அடுக்குறது, இறங்குதுறையில வாற போற போட்டு நேரம் குறிக்கிறது, எல்லாம் பாடம்தான். புத்தகத்தில ரெயில் வந்தால் அதுகள் கண்டிராதுகள், 2014ல யாழ்ப்பாணத்துக்கு ரெயில் திரும்ப வந்தாப் பிறகு நாங்கள் சுற்றுலாவுக்கு முதல் காட்டினது ஸ்ரேசனைத்தான். பங்குனியில வையுங்கோ அந்தச் சுற்றுலாவை, கடல் படுத்திருக்கிற நேரம். போட்டுக்கு முன்கூட்டியே கதைச்சு வைக்கவேணும், பெற்றோரின்ர கையெழுத்து எல்லாருக்கும் வேணும், உயிர்காப்பு அங்கி பிள்ளையளின்ர அளவில இருக்கோ எண்டு நீங்களே ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்திட்டு ஏத்துங்கோ.