செகண்ட்ஹேண்ட் ரூட்டர்: ஒரே பெயர், இரண்டு ஹேஷ். எந்த ஃபர்ம்வேரை ஏற்றுவது?

அல்சூர்வாசி:
பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6, வெர்ஷன் 2. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள்) ஓடுகிறது. கடையிலேயே பென்டிரைவில் அதன் 23.05.5 வெர்ஷனுக்கான சிஸ்அப்கிரேட் (அப்டேட்) ஃபைலும் கொடுத்தார்கள். அதே பெயருள்ள ஃபைலை ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்திலிருந்து இறக்கினால் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) வேறு. தளத்து ஃபைல் அங்குள்ள ஹேஷ் பட்டியலோடு பொருந்துகிறது. ஆனால் பட்டியலின் ஜிபிஜி கையெழுத்தை (வெளியிட்டவர் தன் சாவியால் போடும் டிஜிட்டல் முத்திரை) சோதித்தால் "பேட் சிக்னேச்சர்". ஏற்றலாமா?

பூட்லோடர்:
இப்போதைக்கு எதையும் ஏற்றாதீர்கள். பென்டிரைவ் ஃபைலை மறந்துவிடுங்கள். யாரோ தனியாக பில்டு செய்ததா, உள்ளே கைவைத்ததா என்று ஆராய்வது வெட்டிவேலை.

பட்டியலை எப்படி எடுத்தீர்கள்? பிரவுசரில் திறந்து நோட்பேடில் காப்பி-பேஸ்ட் செய்தால் விண்டோஸ் வரிமுடிவுகள் புகுந்துவிடும். கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும், ஹேஷும் பொருந்தும், கையெழுத்து மட்டும் உடையும். பட்டியல், அதன் கையெழுத்து உள்ள ஏஎஸ்சி ஃபைல் இரண்டையும் ரைட் கிளிக் செய்து "சேவ் லிங்க்" மூலம் எடுங்கள்.

அல்சூர்வாசி:
அப்படி எடுத்ததும் "குட் சிக்னேச்சர்". ஆனால் கீழேயே, இந்தச் சாவிக்கு நம்பகமான சான்று இல்லை என்று எச்சரிக்கை.

பூட்லோடர்:
எச்சரிக்கை ஃபைலைப் பற்றியதல்ல. அந்தச் சாவி யாருடையது என்று உங்கள் கணினிக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் சாவிப் பக்கத்தில் 23.05 கிளைக்கான சாவியின் ஃபிங்கர்பிரிண்ட் (அதன் அடையாளக் குறியீடு) இருக்கும். 40 எழுத்தையும் ஒப்பிடுங்கள். கடைசி 8 மட்டும் பார்த்தால் போதாது, அந்த அளவுக்குப் பொருந்தும் போலிச் சாவியை உருவாக்க முடியும். ஹேஷை மட்டும் நம்பாததற்கும் காரணம் உண்டு: சர்வருக்குள் புகுந்தவன் ஃபைலோடு பட்டியலையும் மாற்றிவிடலாம்.

மல்லேஸ்வரம் லேன்:
முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. இப்போது ஓடுவதும் கடைக்காரர் போட்ட ஃபர்ம்வேர்தானே? அப்கிரேடுக்கு முன் லூசி (பிரவுசரில் திறக்கும் ரூட்டர் நிர்வாகப் பக்கம்) திரை காட்டும் ஹேஷும் அது போட்ட கணக்குதான். திருடனையே காவலுக்கு வைத்த கதை. சோதனையைக் கணினியில் முடித்துவிட்டு, டிஎஃப்டிபி ரெக்கவரி (ரூட்டர் ஆன் ஆகும்போதே, உள்ளிருக்கும் ஃபர்ம்வேர் ஓடும் முன், கணினியிலிருந்து ஃபைலை வாங்கிக்கொள்ளும் முறை) வழியாக ஏற்றுங்கள். அதற்கு சிஸ்அப்கிரேட் ஆகாது, ஃபேக்டரி இமேஜ் வேண்டும். அதன் ஹேஷையும் தனியாகப் பாருங்கள். வைக்க வேண்டிய ஃபைல் பெயரும் ஐபியும் இந்த மாடலுக்கான பக்கத்தில் இருக்கும்.

அடியில் உள்ள ஸ்டிக்கரையும் பாருங்கள். சி6 வி2-க்கும் வி2 யுஎஸ்-க்கும் இமேஜ் வேறு. கையெழுத்து சரியாக இருந்தாலும் மாடல் மாறினால் ரூட்டர் இயங்காத செங்கல்தான். வைஃபை வேண்டாம், லேன் கேபிள். ரூட்டர், கணினி இரண்டும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், மழைநாளில் பெஸ்காமை (பெங்களூரு மின்வாரியத்தை) நம்ப முடியாது.