சூனியக்காரிகள் வராதிருந்தால் மேக்பெத் கொலை செய்திருப்பானா? மேடையேற்றுகிறோம், கருத்துச் சொல்லுங்கள்

கொழுந்துக்காட்டான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் எனக்கு வேலை. மாசி பிறந்தால் எங்கள் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், காமன் கூத்து நடக்கும். இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியபோது தாத்தாமார் சட்டி பானையோடு கூத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் வேஷம் கட்டுகிற ஆட்களை வைத்துத்தான் இந்த ஆண்டு ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தைத் தமிழில் சுருக்கிப் போடுகிறோம். அவருடைய துன்பியல் நாடகங்களில் இதுதான் சிறியது. தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கடைசி பஸ் கிளம்புவதற்குள் ராஜாவையும் கொன்று, கொன்றவனையும் கொன்றாக வேண்டும்.

ஒத்திகை தொடங்கிய நாள் முதல் ஒரே சண்டை. மேக்பெத்தாக நடிப்பவர் ஜீப் ஓட்டுநர். கூத்தில் மதன் வேஷமும் அவருடையதுதான். “அவன் பாட்டுக்குப் போரில் வென்றுவிட்டு வந்துகொண்டிருந்தான். வழியில் மூன்று கிழவிகள் மறித்து, நீ ராஜா ஆவாய் என்று சொல்லிவிட்டார்கள். தலையெழுத்து அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவனுக்காக ஜனங்கள் அழ வேண்டும்” என்கிறார். மதனையும் அப்படித்தான் ஆடுவார். தூதன் ஓலை கொண்டுவந்தான், சிவன் தவத்தைக் கலைக்கப் போனான், எரிந்து சாம்பலானான். மதன்மேல் குற்றம் என்று எங்கள் லைனில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மேக்பெத்தின் மனைவியாக நடிப்பவர் கொழுந்து பறிக்கும் அக்கா. (எங்கள் கூத்தில் ரதிகூட ஆண்தான்; எங்கள் மேடையில் பெண் ஏறுவது இதுவே முதல் தடவை. அந்தச் சண்டை தனிக்கதை.) அவர் கேட்கிறார்: “கூத்தில் ஓலை புருஷனுக்கு வருகிறது, போகாதே சாமி என்று பெண்டாட்டி காலைப் பிடிக்கிறாள். இதில் புருஷன் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிறான், அவள் போ போ என்று தள்ளுகிறாள். பதவி தானாக வரும் என்று நம்புகிறவன், வீட்டுக்கு வரும்வரை பொறுக்க மாட்டாமல் எதற்காகக் கடிதம் எழுதினான்?”

ஜீப்காரர் பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

யார் சொல்வது சரி என்று தெரிந்தால்தான் மேடையில் சில விஷயங்களை முடிவு செய்ய முடியும். கொலை நடக்கும்போது சூனியக்காரிகளை மேடை ஓரத்தில் நிறுத்தலாமா? நிறுத்தினால் பார்ப்பவர்கள் பழியை அவர்கள்மேல் போட்டுவிடுவார்கள். மேக்பெத் ஆள் வைத்துக் கொன்ற அவன் தோழன் பாங்கோவின் ஆவி விருந்தில் வரும் இடத்தில் ஆளை உட்கார வைப்பதா, முக்காலியைக் காலியாக விடுவதா? ராஜா டன்கன் கோட்டை வாசலில் நின்று காற்று நன்றாக இருக்கிறது, குருவி கூடு கட்டியிருக்கிறது என்று பேசும் காட்சியை நேரம் கருதி வெட்டிவிட்டேன், பரவாயில்லையா?

மூடுபனிக்குச் செலவில்லை, அதைக் கோத்தகிரியே பார்த்துக்கொள்ளும். கடைசியில் நடந்து வரும் பிர்னாம் காட்டுக்கு, நிழல் மரம் கவாத்து செய்த சில்வர் ஓக் கிளைகள் கிடைக்கும்.

குன்னூர் டீச்சர் எழுதியது:

தம்பி, அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆங்கிலப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். “விதியா, ஆசையா?” என்று தேர்வில் கேட்டால் பிள்ளைகள் இரண்டுக்கும் பாதி பாதி எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவார்கள். கடிதத்தைப் பிடித்தவர் யாரும் இல்லை.

சூனியக்காரிகள் சொன்னதை மேக்பெத் மட்டுமா கேட்டான்? பாங்கோவும் பக்கத்தில்தான் நின்றான். நல்ல சேதிதானே சொல்கிறார்கள், நீ ஏன் திடுக்கிடுகிறாய் என்று மேக்பெத்தைக் கேட்பவனே அவன்தான். ராஜா ஆவாய் என்றார்களே தவிர, கொல் என்று ஒரு வார்த்தை அவர்கள் சொல்லவில்லை. கொலை என்ற நினைப்பு மேக்பெத்துக்குள்ளிருந்து வந்தது, அதனால்தான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலில் அவனும் உங்கள் ஜீப்காரர் மாதிரிதான் பேசுகிறான். விதி என்னை ராஜாவாக்க நினைத்தால் நான் கையை அசைக்காமலே முடி சூட்டட்டும் என்கிறான். அந்த நம்பிக்கை அடுத்த காட்சி வரைக்கும் தாங்கவில்லை. டன்கன் தன் மகன் மால்கமை வாரிசாக அறிவித்த உடனே, நட்சத்திரங்களே உங்கள் வெளிச்சத்தை மறையுங்கள், என் ஆசை யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறான்.

அப்புறம், கொலைக்கு முன்பு தனியாக நின்று பேசும் பேச்சை எடுத்துப் பாருங்கள். நான் இவருக்கு உறவினன், இவருடைய குடிமகன், இன்றைக்கு இவருக்கு விருந்து கொடுப்பவன், கொல்ல வருபவனைத் தடுக்கக் கதவைச் சாத்த வேண்டியவனே கத்தியை எடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். தன்னை உந்துவதற்குப் பேராசையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றும் அவனே சொல்கிறான். அந்தப் பேச்சு முழுவதிலும் சூனியக்காரிகளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பின்வாங்கும்போது மனைவி கேட்பதும் அதே மாதிரிதான்: இந்த யோசனையை என்னிடம் முதலில் சொன்னது யார்? அன்றைக்கு நேரமும் இடமும் அமையவில்லை, நீயே அமைத்துக்கொள்வேன் என்றாயே. இதைக் கேட்டபிறகும் மூன்று கிழவிகள்மேல் பழி போட முடியுமா?

நம் கதையில் கம்சன் இருக்கிறான். அசரீரி சொன்னதைக் கேட்டுப் பயந்தான், முழு மூச்சாக அதை எதிர்த்தான். மேக்பெத் அப்படியும் இல்லை. தனக்குச் சாதகமான பாதிக்கு விதி என்று பேர் வைத்துக்கொண்டான். பாங்கோவின் பிள்ளைகள் ஆள்வார்கள் என்ற மறுபாதியை அழிக்க, அப்பனையும் மகனையும் வெட்ட ஆள் அனுப்பினான். மகன் ஃப்ளீன்ஸ் தப்பிவிட்டான். தன்னை எதிர்த்துப் போன பிரபு மக்டஃபின் மனைவி, குழந்தைகளைக் கொன்றதற்கு எந்தக் குறியும் காரணம் இல்லை. ஆத்திரம்தான் காரணம்.

ஆகவே கொலையின்போது சூனியக்காரிகளை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கட்டும்.

குருவிக்கூட்டுக் காட்சியை வெட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வரலாற்று மேக்பெத் 1040-இல் டன்கனைப் போரில் வீழ்த்தினான். 1057 வரை ஆண்டான். தூங்கும் விருந்தாளியைக் கொன்ற கதை அவனுடையதே இல்லை. பழைய வரலாற்று நூல் ஒன்றில் டஃப் என்கிற வேறொரு ராஜாவை டோன்வால்ட் என்பவன் தன் கோட்டையில் வைத்துக் கொல்கிறான். ஷேக்ஸ்பியர் அதை எடுத்து மேக்பெத்தின் தலையில் வைத்தார். குற்றம் அந்தத் திண்ணையிலிருந்து, வாருங்கள் என்று அழைத்த வாயிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் வைத்திருப்பார் என்பது என் எண்ணம். நம் பக்கத்துப் பழைய பங்களாக்களில் தகைவிலான் இறவாணத்துக்கு அடியில் சேற்றால் கூடு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டுக்காரர்கள் அதைக் கலைக்க மாட்டார்கள். டன்கன் வரும் கோட்டையும் அப்படித்தான் தெரிகிறது. அதை வெட்டிவிட்டால் உள்ளே நடப்பது வெறும் பதவிச் சண்டையாகிவிடும்.

கூடலூரான் எழுதியது:

டீச்சர் சொன்னதில் பாங்கோவை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் என்ன பெரிய யோக்கியன்? நீ இதைக் குறுக்கு வழியில் அடைந்தாய் என்று எனக்குத் தோன்றுகிறது என்று மூன்றாம் அங்கத் தொடக்கத்தில் தனியாக முணுமுணுக்கிறான். வெளியே சொன்னானா? அந்தக் கிழவிகள் எனக்குச் சொன்னதும் பலிக்குமோ என்று சப்புக்கொட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறான். எடை போடும் இடத்தில் தராசு சாய்வதைப் பார்த்தும், அடுத்த கங்காணி வேலை தனக்கு வரும் என்று பேசாமல் இருப்பவனை நான் பார்த்திருக்கிறேன். பழைய நூலில் பாங்கோவும் கொலைக்குக் கூட்டு. 1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ் தன்னைப் பாங்கோவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். அவர் ஆட்சியில் நாடகம் எழுதியவர் பாங்கோவுக்கு வெள்ளையடிக்காமல் என்ன செய்வார்?

ஜீப்காரரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நான்காம் அங்கத்தில் மேக்பெத்தே தேடிப் போய்க் கேட்கும் குறிகளைப் பாருங்கள். காடு நடந்து வரும்வரை தோல்வி இல்லை, பெண் பெற்ற எவனாலும் ஆபத்து இல்லை என்கிறார்கள். இரண்டும் பலிக்கின்றன: எதிரிப் படை கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறது, மக்டஃப் தாய் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். ஆக, இந்த நாடகத்தில் விதி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஏறுவதற்கு இவன் கத்தி எடுக்க வேண்டியிருந்தது. இறக்கிவிட அது தானாகவே நடந்து வந்தது.

ஆவி விஷயம். 1611-இல் லண்டன் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்பவர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அதில் பாங்கோவின் ஆவி வந்து நாற்காலியில் உட்காருகிறது. 1794-இல் கெம்பிள் என்ற நடிகர் ஆவியே வேண்டாம் என்று நாற்காலியைக் காலியாக விட்டுப் பார்த்தார். நான் ஆளைத்தான் உட்கார வைப்பேன். முகத்தில் ரத்தத்தோடு ஒருவன் இருக்க, சுற்றியிருப்பவர்கள் அவனைத் தாண்டி உப்புக்குக் கை நீட்டட்டும். குற்றவாளிக்கு மட்டும் தெரிகிறது என்பதை நம் ஜனங்கள் அப்போதுதான் பிடித்துக்கொள்வார்கள்.

இரவுப்பணி எழுதியது:

கொடைக்கானலில் செவிலியராக இருக்கிறேன். கணவனைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த அக்காவுக்கு யாராவது உதவுங்கள்.

கொலை நடந்த இரவில் கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம் என்று சொல்பவள் அவள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துவந்து, இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். இது திடீரென்று வந்த மாற்றம் என்று நடித்தால் கெட்டுவிடும். அவள் முதல் நாளே ஆடிப்போயிருக்கிறாள்: தூங்கும்போது அவர் என் அப்பாவைப் போல் இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன் என்கிறாளே, அங்கேயே குரல் கொஞ்சம் தடுமாறட்டும். அந்தக் கிழவரிடம் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தது என்று பின்னால் தூக்கத்தில் கேட்கும்போது, பார்ப்பவர்களுக்கு அந்த அப்பா ஞாபகம் வர வேண்டும்.

விளக்கை மறக்காதீர்கள். அடர்ந்த இருட்டே வா, என் கத்தி வெட்டுவது அதற்கே தெரியக் கூடாது என்று கூப்பிட்டவள் அவள். இப்போது இரவு முழுவதும் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. பணிப்பெண் அதை மருத்துவரிடம் சொல்கிறாள்.

தூக்கத்தில் நடப்பவர்கள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு போக மாட்டார்கள். கண் திறந்திருக்கும், முகத்தில் உணர்ச்சி இருக்காது. கை கழுவுவதையும் இரண்டு உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டி முடித்துவிடாதீர்கள். நாங்கள் கழுவுவதைப் போலச் செய்யச் சொல்லுங்கள்: உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரலைச் சுற்றி, நகக்கண், மணிக்கட்டு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கால் மணி நேரம்கூட இப்படியே செய்வாள் என்கிறாள் பணிப்பெண். கிண்ணமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

அந்தப் பணிப்பெண்ணை யார் நடிக்கிறார்கள்? நல்ல வேஷம். காதில் விழுந்ததைச் சாட்சி இல்லாமல் மருத்துவரிடம்கூடச் சொல்ல மறுக்கிறாள். வார்டில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொழுந்துக்காட்டான் எழுதியது:

நன்றி டீச்சர், நன்றி அண்ணா, நன்றி அக்கா. கைபேசியிலேயே எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நகக்கண் வரை கழுவுவது அக்காவுக்குப் பிடித்துப்போய்விட்டது. கொழுந்துக் கறை போவதற்குத் தினமும் செய்வதுதானே என்றார்.

கொலைக் காட்சியில் சூனியக்காரிகள் இல்லை. பாங்கோவாக நடிக்கும் பையன் முக்காலியில் உட்காருகிறான்.

ஜீப்காரர் பாதி இறங்கி வந்திருக்கிறார். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: “கடைசியில் காடும் வந்தாயிற்று, தாய் வயிற்றைக் கிழித்து எடுத்தவன் எதிரில் நிற்கிறான். உன்னோடு சண்டை போட மாட்டேன் என்றும் மேக்பெத் சொல்லிவிட்டான். பிறகு ஏன் கேடயத்தை எடுத்தான்? தோற்பான் என்று தெரிந்தே எடுத்தானே, அதையாவது அவன் கணக்கில் வையுங்கள்.” வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு இடத்தில் ஜனங்கள் அழுதால் நான் தடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று. குருவிக்கூட்டைத் திரும்பச் சேர்த்ததால் நேரம் இடிக்கிறது. கொலை முடிந்ததும் வரும் குடிகார வாயிற்காவலன் காட்சியை எடுத்துவிடட்டுமா?

குன்னூர் டீச்சர் எழுதியது:

எடுத்தால் உங்கள் மேக்பெத் ரத்தக் கையோடுதான் விருந்தாளிகளை வரவேற்பான். உள்ளே போய்க் கழுவி, இரவு உடை மாற்றிக்கொண்டு வர நடிகருக்குக் கிடைப்பது அந்த நேரம் ஒன்றுதான். கோத்தகிரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் போகாது, திரைக்குப் பின்னால் வெந்நீர் வையுங்கள். காவலனை நன்றாகக் குடிகாரனாக ஆட விடுங்கள், வெளியே கதவு தட்டும் சத்தத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். நேரம் போதாவிட்டால் மால்கம் இங்கிலாந்தில் பேசும் நீண்ட பேச்சில் கை வையுங்கள், அதற்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.