புதுப்பிப்பு: உப்புவெளி கார்மன் கியா, அளந்து பார்த்த பிறகு

முன்பு கேட்டது: ஓடிய தூரம் காட்டும் மீற்றர் ஒருமுறை சுற்றி வந்த, காற்றில் குளிரும் 1600 சீசீ ஃபோக்ஸ்வாகன் கார்மன் கியா என்ற பழைய காரை வாங்கலாமா? பலரும் மைலேஜைப் பார்த்தே பயந்தீர்கள். அந்த மீற்றரில் ஐந்து இலக்கம்தான், 99,999க்குப் பிறகு பூச்சியம். அதை விட்டுவிடுவோம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு கிராங்க் புல்லியை (கிராங்க் தண்டின் நுனியிலுள்ள பெல்ட் சக்கரம்) இரு கையாலும் முன்னும் பின்னும் இழுத்தால் ‘டக்’ என்கிறது. நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜில் இந்த ஆட்டம் 0.25 மி.மீ.; எல்லை 0.15. எஞ்சினின் வெளிக்கூட்டைப் பிரிக்காமல் இது தீராது. மூன்றாம் சிலிண்டரில் கொம்பிரஷனும் (அழுத்தமும்) குறைவு. பழைய அமைப்பில் ஒயில் கூலர் அதற்குப் போகும் காற்றை மறிப்பதால் அந்தச் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் (புகை போகும்) வால்வ்தான் முதலில் எரியும்.

எஞ்சினைத் திரும்பக் கட்டலாம். கறள்தான் காரைக் கொல்லும், அதுவும் நம்மூர் உப்புக்காற்றில். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரி மட்கார்டைப் போல்ட் கழற்றி மாற்ற முடியாது, எல்லாம் வெல்டிங். எஞ்சின் அறையில் பற்றரித் தட்டு, கதவுக்கடியில் சூடான காற்றுப் போகும் ஹீட்டர் சனல், மூக்கு மூன்றையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தாயிற்று: தட்டு மட்டும் பொத்தல், சனல் திடம்.

ஆகவே வாங்கலாம், எஞ்சின் வேலைக் காசைக் கழித்துத்தான். கட்டிய பின் 2.5 லீற்றர் ஒயில், குளிர்ந்த எஞ்சினில் வால்வ் இடைவெளி 0.15 மி.மீ. எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் சீலைப் புதிதாகப் போடுங்கள். அது இல்லாவிட்டால் கீழேயுள்ள சூடான காற்றையே விசிறி மறுபடி இழுக்கும்.